ராஜா தலையில் என் தொப்பி

செப்டம்பர் 24

இந்த முகாமில் எனக்கு இரண்டு நோட்டு. ஒன்று பிரவுன் அட்டை போட்டது. தினமும் மாலையில் சற்குணம் மிஸ்ஸிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அதில் இன்று எழுதியது: 'கோவனூர் அரண்மனையை அடைந்தோம். அதன் வரலாற்றுச் சிறப்பைக் கண்டு மெய்சிலிர்த்தோம்.' இன்னொன்று இது. இதில் மெய் மட்டும்தான், சிலிர்ப்பு கிடையாது.

நான் பிளஸ் ஒன் 'பி' பிரிவு சுபிக்ஷா. வகுப்பில் துர்பிக்ஷா என்பார்கள். நான் போகிற இடத்தில் அமைதிக்குப் பஞ்சம் வந்துவிடுமாம். காலாண்டு விடுமுறையில் எல்லாரும் அத்தை வீடு, மாமா வீடு என்று போக, நாங்கள் நாற்பது பெண்கள் நாட்டு நலப்பணித் திட்டத்துக்காக ஏழு நாள் இந்த அரண்மனையின் குதிரை லாயத்தில் தங்குகிறோம். சற்குணம் மிஸ் எங்கள் திட்ட அலுவலர். திட்டுவதே அலுவல். எல்லார் தலையிலும் வெள்ளைத் தொப்பி, அதில் திட்டத்தின் கொள்கை வாசகம்: 'நானல்ல, நீ'. மாட்டிக்கொண்டால் சொல்ல வேண்டியதை அரசாங்கமே அச்சடித்துக் கொடுத்திருக்கிறது.

அந்தக் காலத்து ராஜா ஒருவர் சீமைக்குப் போய்விட்டு வந்து, அங்கே மாதிரியே அளவுகோல் வைத்த தோட்டம் வேண்டும் என்றாராம். சதுரப் பாத்தி, அதற்குள் வட்டப் பாத்தி, இடுப்புயரம் கத்தரித்த செடிவேலி, நடுவில் தண்ணீர் வராத நீரூற்று. பெயர் நந்தவனம். அதில் பார்த்தீனியக் களை பிடுங்குவதுதான் எங்கள் வேலை. மதியத்துக்குள் நான் நொந்தவனம் ஆகிவிட்டேன்.

குறுக்கே நடந்தால் சீக்கிரம் போகலாமே என்று ஒரு பாத்தியில் காலை வைத்தேன். விசில். பஸ் கண்டக்டர் விசில் இல்லை, காது சவ்வைத் தேடிப் பிடித்துக் கிழிக்கிற விசில்.

"ஏய் தொப்பி! கால எடு! சுத்திப் போறதுக்குத்தான பாத போட்டுருக்கு?"

"தொப்பி நாப்பது பேரு போட்டுருக்கோம்க்கா. எந்தத் தொப்பி?"

"வாயி பெருசா இருக்குல்ல, அந்தத் தொப்பி."

மற்ற முப்பத்தொன்பது பேரும் சிரித்தார்கள். அதோடு விடவில்லை. வந்து என் பையைத் திறந்து, கடலை மிட்டாய் பாக்கெட்டை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டாள். உள்ளே எறும்பு வருமாம். பிறகு மிஸ்ஸிடம், "இந்தப் புள்ள கண்ணே சரியில்ல டீச்சர், பாத்து வச்சுக்கங்க" என்றாள்.

பெயர் ராஜகிளி. அருங்காட்சியகத்தின் காவலர். ஐம்பது வயதிருக்கும். காக்கிச் சேலை, கழுத்தில் விசில். இங்கே எல்லாவற்றுக்கும் பொறுப்பான காப்பாட்சியர் அறவாழி சார் என்று ஒருவர் இருக்கிறார். கையில் எப்போதும் டம்ளர் இருப்பதால் காப்பி ஆட்சியர். அவர்தான் மாலைக் கூட்டத்தில் சொன்னார்: "ராஜகிளி அம்மா பதினோரு வருசமா தற்காலிகப் பணியாளர். முப்பதாம் தேதி உங்க நிறைவு விழாவுக்குத் துணை இயக்குநர் வர்றாரு. அன்னிக்குத்தான் இவங்களுக்கு நிரந்தர ஆணை குடுக்குறாரு. எல்லாரும் நல்லா கை தட்டணும்."

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நிலோஃபர், "எந்தப் படத்து டைரக்டர்டி?" என்றாள். அவள்தான் என் உயிர்த்தோழி. அறிவுக்காக வைத்துக்கொள்ளவில்லை, நடிப்புக்காக.

கை தட்டுவதாம். தட்டுகிறேன், பார்.

செப்டம்பர் 25

அருங்காட்சியகத்துக்குள் கூட்டிப்போனார்கள். தர்பார் மண்டபத்தில் ராஜா உட்கார்ந்திருக்கிறார். சுண்ணாம்புப் பொம்மைதான், ஆனால் உடுத்தியிருப்பதெல்லாம் நிஜ ராஜாவின் உடுப்பு. நூறு வருஷத்துப் பட்டு அங்கி, மாம்பழ நிறத்தில் பட்டுத் தலைப்பாகை. பக்கத்தில் அவர் சுட்ட புலி, பஞ்சு அடைத்து, கண்ணாடிக் கண் வைத்து. இரண்டுக்கும் முன்னால் ஒரு கயிறு. கயிற்றுக்கு முன்னால் ராஜகிளி, சுருக்கமாகக் கிளி.

வாசலில் பார்வையாளர் கருத்துப் பதிவேடு இருந்தது. எழுதினேன்: 'எழுபது வருடமாக நிற்கிறேன். உட்கார நாற்காலி தரவும். இப்படிக்கு, புலி.'

ஐந்து நிமிஷத்தில் பிடித்துவிட்டாள். பிடித்து, எல்லார் முன்னாலும் சத்தமாக வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். யாரும் சிரிக்கவில்லை. என் நகைச்சுவையை என் வாயாலேயே கொன்றுவிட்டாள்.

"இது என்ன பள்ளிக்கூடத்துப் பெஞ்சுன்னு நெனச்சியா? ஒவ்வொரு பக்கத்துக்கும் நம்பர் போட்டு சீல் வச்சது. கிழிக்க முடியாது, அழிக்க முடியாது. பெரிய ஆபீசர் வந்தா மொதல்ல இதத்தான் வாசிப்பாரு. வாசிச்சுட்டுக் கீழ கையெழுத்துப் போட்டுட்டுத்தான் போவாரு. ஒன் புலிக்கும் சேத்துப் பதில் சொல்லப் போறது நாந்தான்டி."

மாலையில் மண்டபம் பூட்டுவதைப் பார்த்தோம். அது ஒரு பூஜை மாதிரி. உள்ளே போய் ஒரு சுற்று சுற்றுகிறாள். ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று வாய்விட்டுச் சொல்கிறாள்: "ராஜா. தலப்பாக. புலி. வாளு பதினாலு. சாமரம் ரெண்டு..." முடித்துவிட்டு வெளியே வந்து பூட்டு போட்டு, பூட்டின்மேல் துணி சுற்றி, துணியின்மேல் ஒரு சீட்டை ஒட்டி, தேதி எழுதிக் கையெழுத்துப் போடுகிறாள். காலையில் சீட்டு கிழியாமல் இருக்கிறதா என்று பார்த்துத்தான் திறப்பார்களாம். சீட்டில் காப்பி ஆட்சியரும் கையெழுத்துப் போட வேண்டும். அவர் திங்கட்கிழமையே ஒரு வாரத்துச் சீட்டுகளிலும் பச்சை மையில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்.

"சுத்திப் பாத்துட்டேன், எல்லாம் சரியா இருக்குன்னு அர்த்தம் இந்தக் கையெழுத்துக்கு" என்றாள், யாரும் கேட்காமலே. பெரிய ரிசர்வ் பேங்க் கவர்னர்.

மிஸ் நோட்டில்: 'அரண்மனைப் பாதுகாப்பு முறைகளை அறிந்துகொண்டோம்.' அறிந்துகொண்டேன், நன்றாகவே.

செப்டம்பர் 26

வெற்றி. வெற்றி. வெற்றி.

மாலை ஐந்தேகால். பார்வையாளர்கள் போயாகிவிட்டது. கிளி பசையும் சீட்டும் கையில் வைத்துக்கொண்டு மண்டபத்துக்குள் சுற்றப் போகும் நேரம். நிலோ நீரூற்றுப் பக்கம் போய், "அம்மா..." என்று சரிந்தாள். என்ன நடிப்பு! கிளி பறந்தது. கதவு திறந்தே கிடந்தது. எனக்கு நான்கு நிமிஷம் போதும்.

ராஜா தலையில் இப்போது நாட்டு நலப்பணித் தொப்பி. 'நானல்ல, நீ.' புலி தலையில் ராஜாவின் தலைப்பாகை. ஆட்சி மாற்றம்!

என் தலை காலியாக இருக்கக் கூடாது என்று மிஸ்ஸின் அட்டைப் பெட்டியிலிருந்து உபரித் தொப்பி ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

கிளி திரும்பி வந்தபோது ஐந்தே முக்கால். சாவிக்காகக் காப்பி ஆட்சியர் ஜீப்பில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். ஓடி வந்தாள், கதவை இழுத்துப் பூட்டினாள், சீட்டு ஒட்டினாள், கையெழுத்துப் போட்டாள். அவளே சீல் வைத்துக்கொண்டாள்!

நாளைக் காலை திறக்கும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்.

செப்டம்பர் 27

பார்த்தேன்.

திறந்ததும் முன்னால் நின்ற பிள்ளைகள் வெடித்துச் சிரித்தார்கள். ஒரு அம்மா போன் எடுத்துப் படம் பிடித்தார். கிளி சிரிக்கவும் இல்லை, கத்தவும் இல்லை. கயிற்றைத் தாண்டிப் புலியிடம் போய், தலைப்பாகையை இரண்டு கையாலும் குழந்தையைத் தூக்குவது போல எடுத்தாள். நெற்றிப் பக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்திருந்தது.

அவ்வளவு பழைய துணி. புலியின் காது குத்திக் கிழித்திருக்கலாம். எனக்கு எப்படித் தெரியும்?

காப்பி ஆட்சியர் வந்தார். முதல்முறையாக டம்ளர் இல்லாமல்.

"சீட்டு கிழியல. பூட்டு ஒடையல. அப்ப தொப்பி எப்படி உள்ள வந்துச்சு? ராஜாவே எந்திரிச்சு மாட்டிக்கிட்டாரா?"

"நேத்து நான் சுத்திப் பாக்கல சார்" என்றாள் கிளி.

"என்னது?"

"ஒரு புள்ள மயங்கி விழுந்துருச்சு. தூக்கிட்டுப் போனேன். நேரமாயிருச்சு. நீங்க வேற ஹாரன் அடிச்சீங்க."

"நான் ஹாரன் அடிச்சா பாக்காம கையெழுத்துப் போட்டுருவீங்களா?"

கிளி தலையை உயர்த்தி, நாற்பது தொப்பிகளில் என் தொப்பியைக் கண்டுபிடித்தாள். "இந்தப் புள்ள வேலதான் சார் இது."

சற்குணம் மிஸ் என் முன்னால் வந்து நின்றார். "ஆதாரம் இருக்கா? எங்க புள்ளைங்க தலைல நாப்பது தொப்பியும் இருக்கு, எண்ணிப் பாருங்க. ஒரு பொம்பளப் புள்ள மேல சும்மா பழி போடக்கூடாது." என் பக்கம் திரும்பினார். "சொல்லு சுபிக்ஷா. நீயா?"

"நானல்ல மிஸ்."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தாள்.

மதியம் கிளிக்கு மெமோ கொடுத்தார்கள். தொல்பொருளுக்குச் சேதம், கவனக்குறைவு. நிரந்தர ஆணையை நிறுத்திவைக்கக் காப்பாட்சியர் பரிந்துரை செய்து ஃபைலை அனுப்பிவிட்டாராம். சமையல்காரர் சொன்னார்.

மிஸ் நோட்டில் எதுவும் தோன்றவில்லை. 'களை பறித்தோம்' என்று எழுதினேன்.

செப்டம்பர் 28

காலை உணவு ரவை உப்புமா. செங்கல் விளிம்புகளுக்குச் சுண்ணாம்பு அடித்தோம், ஒன்றுவிட்டு ஒன்றுக்குக் காவி.

கிளி லாயத்துக்கு வந்தாள். சண்டைக்கு என்று நினைத்து எழுந்து நின்றேன். என்னைத் தாண்டி நிலோவிடம் போனாள்.

"ஏண்டி, சாப்டியா?"

நிலோ தலையாட்டினாள்.

"தலைய ஆட்டாத. ஒல்லியாவணும், ஒல்லியாவணும்னு ஒண்ணும் திங்கிறதில்ல. அப்பறம் வெயில்ல வந்து விழுந்து ஊரான் உசுர வாங்குறது. இந்தா." இரண்டு வாழைப்பழம். "என் கண்ணு முன்னாடி தின்னு."

நிலோ ஒரு பழத்தை உரித்தாள். தின்ன முடியவில்லை. அழுதுவிட்டாள். "இன்னும் முடியலையா புள்ள?" என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள் கிளி. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். எச்சில் துப்பியிருந்தால்கூடக் கொஞ்சம் ஈரமாக இருந்திருக்கும்.

"நான் சொல்லப் போறேன்டி" என்றாள் நிலோ.

"சொல்லிப் பாரு. நீயும் நானும் நேரா வீட்டுக்குத்தான்."

மீதிப் பழம் லாயத்து ஜன்னலில் இருக்கிறது. கறுத்துவிட்டது.

செப்டம்பர் 29

26ஆம் தேதி நான் எழுதாமல் விட்டவை. நோட்டில் இடம் இருக்கிறது என்பதால் எழுதுகிறேன், வேறு காரணம் இல்லை.

ஒன்று. தலைப்பாகையைக் கிழித்தது புலியின் காது இல்லை. ராஜா தலையிலிருந்து நான் இழுத்தபோதே கேட்டது. காய்ந்த வாழைச் சருகைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம். கிழிந்த பக்கம் தெரியாதபடி திருப்பித்தான் புலிக்கு வைத்தேன்.

இரண்டு. நிலோ விழுந்ததும் கிளி எப்படி ஓடினாள் என்பது. நீரூற்று வரைக்கும் ஓடி, நிலோவை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு, குழாயடிக்குப் போக நேர்வழி எதுவோ அதில் ஓடினாள். செடிவேலியைப் பிளந்துகொண்டு, அன்று காலையில்தான் நாங்கள் கொத்தி நீர் விட்ட ரோஜாப் பாத்திக்குக் குறுக்கே. செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. விட்டுவிட்டு ஓடினாள். அவளே விசில் ஊத வேண்டிய இடம். அந்தக் காலடிகள் இன்னும் இருக்கின்றன, ஏழு. இன்று அந்தப் பாத்தியைச் சமப்படுத்த என்னைத்தான் விட்டார்கள். மற்ற இடமெல்லாம் சமப்படுத்தினேன்.

சரி. காலையில் காப்பி ஆட்சியரிடம் போய்ச் சொன்னேன், நான்தான் என்று. கதவைச் சாத்தினார்.

"பாப்பா, ஃபைல் போயிருச்சு. இப்ப நீ புதுசா ஒரு கத சொன்னா, உள்ள யாரு விட்டா, எப்ப பூட்டுனாங்க, சீட்டுல யாரு எப்ப கையெழுத்துப் போட்டான்னு எல்லாத்தையும் நோண்டுவாங்க." பச்சைப் பேனாவைச் சட்டைப் பைக்குள் வைத்தார். "அந்தம்மா பாக்காம கையெழுத்துப் போட்டுச்சா இல்லையா? போட்டுச்சு. அதோட முடிஞ்சுது. போயி வெளையாடு."

மிஸ்ஸிடம் சொன்னேன். மிஸ்ஸின் முகம் சுண்ணாம்பு அடித்த செங்கல் ஆனது.

"அத்தன பேரு முன்னாடி உனக்காக நின்னேன்டி. இப்ப வந்து நாந்தான்ங்குற? ஸ்கூல் பேரு என்னாகும்? நாளைக்கு ஒரு நாள். வாய மூடிட்டு இரு. சர்டிபிகேட்ட வாங்கிட்டு வீடு போயி சேரு."

வாழ்க்கையில் முதல்முறை உண்மை சொல்கிறேன். வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

செப்டம்பர் 30

விழா பத்து மணிக்கு. ஒன்பதரைக்கு நான் பதிவேட்டின் முன்னால் இருந்தேன். பக்கம் 212. என் புலிக்குக் கீழே யாரோ 'அருமை' என்று எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே நான் எழுதினேன். இங்கேயும் அப்படியே எழுதி வைக்கிறேன்:

'26ஆம் தேதி மாலை ராஜாவின் தலைப்பாகையை எடுத்ததும் கிழித்ததும் நான். காவலர் ராஜகிளி சுற்றிப் பார்க்க முடியாமல் போனதற்குக் காரணம், என் தோழி மயங்கி விழுந்ததுபோல் நடித்தது. அது என் யோசனை. அவர் அவளைக் காப்பாற்ற ஓடினார். 29ஆம் தேதி இதைக் காப்பாட்சியரிடமும் எங்கள் ஆசிரியரிடமும் சொன்னேன். சு. சுபிக்ஷா, பிளஸ் ஒன் பி.'

கடைசி வரியை எழுதியபோது கொஞ்சம் ருசித்தது. பொய் சொல்ல மாட்டேன்.

துணை இயக்குநர் குள்ளமான மனிதர். கிளி சொன்னபடியே முதலில் பதிவேட்டிடம்தான் வந்தார். வாசித்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை வாசித்தார். காப்பி ஆட்சியரும் எட்டிப் பார்த்தார். கிழிக்க முடியாது சார், நம்பர் போட்டிருக்கு.

"யாரும்மா சுபிக்ஷா?"

கை தூக்கினேன். மிஸ் கண்ணை மூடிக்கொண்டார்.

அவர் என்னைத் திட்டவில்லை. கீழே கையெழுத்துப் போட்டார், தேதி போட்டார். "ஆணை இன்னிக்கு வேண்டாம். விசாரிச்சு அனுப்புறேன்" என்று மட்டும் சொன்னார். நிறைவு விழாவில் முப்பத்தெட்டு சான்றிதழ்கள் கொடுத்தார்கள். யார் கை தட்டினார்கள் என்று நான் கவனிக்கவில்லை.

கிளி பதிவேட்டின் முன்னால் நின்று விரல் வைத்து, எழுத்துக் கூட்டி வாசித்தாள். ரொம்ப நேரம் ஆனது. முடித்துவிட்டு என்னைப் பார்ப்பாள் என்று நின்றேன். அவள் நிலோவைப் பார்த்தாள்.

"நீ மயங்கலையா?"

நிலோ என் முதுகுக்குப் பின்னால் போனாள்.

"அக்கா, மன்னிச்..." என்று ஆரம்பித்தேன்.

"நீ பேசாத. எனக்காகவா எழுதுன? ஒனக்கு உறுத்துச்சு, எறக்கி வச்சுட்ட. போ, லேசாப் போ." விசிலைக் கழுத்திலிருந்து கழற்றிச் சேலை முனையால் துடைத்தாள். "பதினோரு வருசத்துல அன்னிக்கு ஒரு நாள்தான்டி நான் பாக்காம கையெழுத்துப் போட்டேன். அதுவும் பொய்க்கு."

அக்டோபர் 1

வீடு. பள்ளி திறந்ததும் ஒரு வாரம் வகுப்புக்கு வர வேண்டாமாம். பஞ்சம் வந்துவிட்டது, துர்பிக்ஷா.

நவம்பர் 16

நிலோ கோவனூர் வர மாட்டேன் என்றுவிட்டாள். நான் தனியாகப் போனேன். புலியைப் பார்க்கத்தான்.

டிக்கெட் எடுத்து, பையை வெளியே ஒப்படைத்து, தண்ணீர் பாட்டிலை மட்டும் கையில் வைத்துக்கொண்டேன். தலைப்பாகை இப்போது கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. தையல் தெரிகிறது. ராஜா வெறுந்தலையோடு உட்கார்ந்திருக்கிறார், ஆஸ்பத்திரியில் இருப்பவர் மாதிரி.

கிளி மண்டப வாசலில் நின்றாள். புதுச் சேலை. மார்பில் பெயர்ப்பட்டை: ச. ராஜகிளி, அதற்குக் கீழே பதவி, 'தற்காலிகம்' என்ற சொல் இல்லாமல். வாழ்த்து சொல்ல வாயைத் திறந்தேன். டிக்கெட்டை வாங்கிக் கிழித்துப் பாதியைக் கொடுத்தாள். மற்றவர்களுக்குக் கொடுப்பதுபோலவே.

ஐந்தேகால் வரைக்கும் தோட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். ரோஜாப் பாத்தி சமமாக இருந்தது.

வெளியேறிக்கொண்டிருந்த கூட்டத்தில் ஒரு பெரியவர் நீரூற்று விளிம்பைப் பிடித்தார், பிடி நழுவி உட்கார்ந்தார், பிறகு சாய்ந்தார். அவர் மனைவி அலறினார்: "யாராச்சும் வாங்களேன்! இவருக்கு மயக்கமா வருதே!"

கிளி மண்டப வாசலில் சீட்டும் பசையும் வைத்துக்கொண்டு நின்றாள். பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள்.

பிறகு திரும்பி உள்ளே போனாள்.

வெளியே வரைக்கும் கேட்டது. "ராஜா. தலப்பாக. புலி. வாளு பதினாலு. சாமரம் ரெண்டு..." ஒன்றையும் விடவில்லை. வெளியே வந்தாள். பூட்டினாள், துணி சுற்றினாள், சீட்டு ஒட்டினாள், தேதி எழுதினாள், கையெழுத்துப் போட்டாள். பசை காய்கிறதா என்று ஊதிப் பார்த்தாள். அதன்பிறகுதான் தண்ணீர்ச் செம்பை எடுத்தாள். பாதையில்தான் நடந்தாள். சதுரத்தைச் சுற்றி, ஒரு மூலையில் திரும்பி, அடுத்த மூலையில் திரும்பி.

நான் உடனே ஓடினேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் 'சாமரம் ரெண்டு' வரைக்கும் கேட்டுக்கொண்டுதான் நின்றேன். அந்தப் பெரியவரும் நடிக்கிறாரோ என்று எனக்கும் ஒரு நொடி தோன்றியது.

பிறகு பாட்டிலைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். நேர்வழியில், ரோஜாப் பாத்திக்குக் குறுக்கே.

மண்டப வாசலிலிருந்து விசில் அடித்தது.

நிற்கவில்லை.